ஒரே தேதி, இரு நாடுகள்: லாகூரின் பகத் சிங்

புது தில்லி, மார்ச் 23: மார்ச் 23-ஆம் தேதியை இந்தியாவும் பாகிஸ்தானும் ஆண்டுதோறும் கொண்டாடுகின்றன. இரு நாடுகளும் அந்நாளில் நினைவுகூர்வது லாகூர் நகரத்தைத்தான். காரணங்கள் மட்டுமே வேறு.

1931-ஆம் ஆண்டு அந்நாளின் மாலையில் லாகூர் மத்திய சிறையில் பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகிய மூவர் தூக்கிலிடப்பட்டனர். இந்தியாவில் அது தியாகிகள் தினம். 9 ஆண்டுகள் கழித்து, 1940 மார்ச் 22 முதல் 24 வரை, அதே லாகூரின் மிண்டோ பூங்காவில் முஸ்லிம் லீக் மாநாடு கூடியது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளுக்குத் தனி அரசுகள் வேண்டும் எனக் கோரும் தீர்மானம் அங்கு நிறைவேறியது. அதன் நினைவாக மார்ச் 23 பாகிஸ்தானின் தேசிய தினமாயிற்று.

தூக்குமேடை இருந்த இடத்துக்கும் தீர்மானம் நிறைவேறிய இடத்துக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் அந்த 9 ஆண்டுகளில் பஞ்சாபின் அரசியல் கடந்த தொலைவு மிக அதிகம். அந்தத் தொலைவைப் புரிந்துகொள்ளப் பகத் சிங்கின் 23 ஆண்டுக்கால வாழ்வு உதவும்.

கால்வாய் தந்த கிராமம்

பகத் சிங் 1907 செப்டம்பர் கடைசி வாரத்தில் லாயல்பூர் மாவட்டம் பங்கா கிராமத்தில் பிறந்தார். அரசு ஆவணங்களில் அந்தக் கிராமத்தின் பெயர் சக் எண் 105. இன்று அது பாகிஸ்தானின் பைசலாபாத் மாவட்டத்தில் உள்ளது.

கிராமத்துக்கு எண் பெயராக அமைந்ததில் ஒரு வரலாறு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செனாப் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி, மேற்குப் பஞ்சாபின் வறண்ட நிலத்தை ஆங்கிலேய அரசு பாசனத்துக்குக் கொண்டு வந்தது. கிழக்கில் நிலம் போதாமல் தவித்த உழவர்களை அங்கே குடியேற்றியது. அவ்வாறு ஜலந்தர் மாவட்டம் கட்கர் கலானிலிருந்து சென்ற குடும்பங்களுள் பகத் சிங்கின் தாத்தா அர்ஜன் சிங்கின் குடும்பமும் ஒன்று. இன்றைய எல்லைக்கோட்டின்படி பார்த்தால் பூர்வீக ஊர் இந்தியாவிலும் பிறந்த ஊர் பாகிஸ்தானிலும் உள்ளன.

அரசு தந்த நிலத்துக்கு நிபந்தனைகளும் இருந்தன. 1906-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத் திருத்தம் உழவர்களின் வாரிசுரிமையில் கை வைத்தது. நீர்வரியும் உயர்ந்தது. 1907-இல் லாயல்பூரில் எழுந்த கிளர்ச்சி, உழவனைத் தலைப்பாகையைக் காத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு பஞ்சாபிப் பாடலின் பெயரால் பக்டி சம்பால் ஜட்டா இயக்கம் என வழங்கப்பட்டது. அதன் தலைவர் அஜித் சிங், பகத் சிங்கின் சிற்றப்பா. இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள் என அனைத்துச் சமய உழவர்களும் அதில் திரண்டனர். அந்த ஆண்டு மே மாதம் அஜித் சிங்கும் லாலா லஜபதி ராயும் பர்மாவின் மாந்தளைச் சிறைக்கு நாடு கடத்தப்பட்டனர். எனினும் அந்தச் சட்டத்துக்கு ஒப்புதல் தர வைஸ்ராய் மிண்டோ மறுத்துவிட்டார்.

தந்தை கிஷன் சிங்கும் அரசின் கண்காணிப்பில் இருந்தவரே. மற்றொரு சிற்றப்பா சுவரண் சிங், சிறையில் உடல்நலம் கெட்டு 1910-இல் இளம் வயதிலேயே மறைந்தார். அஜித் சிங் 1909-இல் நாட்டை விட்டு வெளியேறி சுமார் 38 ஆண்டுகள் அயல்நாடுகளில் அலைந்தார். இரு சிற்றன்னையரின் துயரத்தைப் பார்த்தே பகத் சிங் வளர்ந்தார்.

1915 நவம்பர் 16-ஆம் தேதி கதர் கட்சியின் கர்த்தார் சிங் சராபா லாகூரில் தூக்கிலிடப்பட்டபோது பகத் சிங்குக்கு 8 வயது. சராபாவுக்கு 19. அந்த இளைஞரின் புகைப்படத்தைப் பிற்காலத்தில் பகத் சிங் தம்முடன் வைத்திருந்தார். 1919 ஏப்ரல் 13-இல் அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தபோது அவர் லாகூரில் பள்ளி மாணவர்.

லாகூர் வளர்த்த மாணவர்

ஒத்துழையாமை இயக்கத்தின்போது அரசுக் கல்லூரிகளை விட்டு வெளியேறிய மாணவர்களுக்காக லஜபதி ராய் 1921-இல் லாகூரில் தேசியக் கல்லூரியைத் தொடங்கினார். பகத் சிங் அதில் சேர்ந்தார். சுகதேவ், பகவதி சரண் வோரா, பிற்காலத்தில் இந்தி எழுத்தாளராகப் புகழ்பெற்ற யஷ்பால் ஆகியோர் அங்கு பயின்றவர்கள். துவாரகாதாஸ் நூலகம் அவர்களுக்கு இரண்டாவது வகுப்பறையாக விளங்கியது.

அந்நாளைய லாகூரில் செய்தித்தாள்கள் பெரும்பாலும் உருதுவில் வந்தன. நிர்வாகத்தின் மேல்தட்டில் ஆங்கிலம் இருந்தது. ஆரிய சமாஜத்தினர் இந்தியை வளர்த்தனர். சீக்கியர்கள் குருமுகி எழுத்தைப் போற்றினர். வீட்டிலும் வீதியிலும் வயலிலும் எல்லாரும் பேசியது பஞ்சாபி. பகத் சிங் உருது, இந்தி, பஞ்சாபி, ஆங்கிலம் ஆகிய நான்கிலும் எழுதினார். குடும்பத்துக்கு எழுதிய கடிதங்களில் பல உருதுவில் அமைந்தவை.

பதின்ம வயதில் பஞ்சாபின் மொழி, எழுத்துச் சிக்கல் குறித்த கட்டுரைப் போட்டி ஒன்றில் அவர் பரிசு பெற்றார். மொழிப்போராட்டத்தின் வரலாறு கொண்ட தமிழ் வாசகர்கள் இந்தக் கட்டுரையைக் கவனிக்க வேண்டும். ஏனைய மாகாணங்களில் சமயம் எதுவாக இருந்தாலும் மக்கள் அந்த மண்ணின் மொழியையே தம் மொழியாகக் கொள்ளும்போது, பஞ்சாபில் முஸ்லிம்கள் உருதுவையும் இந்துக்கள் இந்தியையும் சீக்கியர்கள் குருமுகியையும் பற்றி நிற்பதை அவர் சுட்டிக்காட்டினார். மொழிப் பிரச்னை சமயப் பிரச்னையாக்கப்பட்டதே கேடு என்பது அவருடைய முடிவு.

அதற்கு அவர் சொன்ன தீர்வு, பஞ்சாபியைத் தேவநாகரி எழுத்தில் எழுதலாம் என்பது. அந்தத் தீர்வை இன்று ஏற்போர் இரு பஞ்சாபிலும் அரிது. ஆனால் நோயை அவர் சரியாகவே இனம் கண்டார். இந்தியப் பஞ்சாபில் மொழிவழி மாநிலக் கோரிக்கை எழுந்தபோது, பஞ்சாபி பேசும் இந்துக்கள் பலர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியைத் தாய்மொழியாகப் பதிவு செய்தனர். 1966-இல் மாநிலம் பிரிக்கப்பட்டது. பாகிஸ்தானிலோ, மக்கள்தொகையில் முதலிடம் வகிக்கும் மாகாணத்தின் மொழியாக இருந்தும், பஞ்சாபி பள்ளிகளில் பயிற்றுமொழியாக வளரவில்லை. அங்கு உருதுவும் ஆங்கிலமும் கோலோச்சுகின்றன. ஒரே மொழியை எல்லையின் ஒருபுறம் குருமுகியிலும் மறுபுறம் ஷாமுகியிலும் எழுதுவதால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாத நிலை நீடிக்கிறது.

சமயத்துக்கு மேலாக நாடு

திருமண ஏற்பாட்டைத் தவிர்ப்பதற்காக வீட்டை விட்டு வெளியேறிய பகத் சிங் கான்பூர் சென்றார். அங்கு கணேஷ் சங்கர் வித்யார்த்தி நடத்திய பிரதாப் இதழில் பல்வந்த் என்ற பெயரில் பணியாற்றினார். இந்துஸ்தான் குடியரசு அமைப்பின் தொடர்பு அங்குதான் கிடைத்தது.

லாகூர் திரும்பிய அவர் 1926-இல் நௌஜவான் பாரத் சபை என்னும் இளைஞர் அமைப்பை நிறுவுவதில் முன்னின்றார். வகுப்புவாத அமைப்புகளுடன் எவ்விதத் தொடர்பும் கூடாது என்பது சபையின் விதிகளில் ஒன்று. இந்து, முஸ்லிம், சீக்கியர், தாழ்த்தப்பட்டோர் என அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் விருந்துகளையும் சபை நடத்தியது. உணவகங்களிலும் ரயில் நிலையங்களிலும் குடிநீர்ப் பானையைக்கூடச் சமயவாரியாகப் பிரித்து வைத்திருந்த காலம் அது.

1927 மே மாதம் லாகூரில் இந்து-முஸ்லிம் கலவரம் வெடித்தது. அடுத்த ஆண்டு ஜூனில், அமிர்தசரஸிலிருந்து வெளிவந்த கிர்தி இதழில் வகுப்புக் கலவரம் பற்றிப் பகத் சிங் எழுதினார். உணர்ச்சியைத் தூண்டும் தலைப்புகளால் கலவரத்தை வளர்த்த செய்தித்தாள்களை அவர் கடுமையாகச் சாடினார். வறுமையே கலவரத்தின் வேர் எனவும், சமயத்தை அரசியலிலிருந்து பிரித்தாக வேண்டும் எனவும் வாதிட்டார். அதே இதழில் தீண்டாமையை எதிர்த்தும் எழுதினார். தாழ்த்தப்பட்டோர் பிறர் கருணைக்குக் காத்திராமல் தாமே அமைப்பாகத் திரள வேண்டும் என்பது அக்கட்டுரையின் சாரம்.

லஜபதி ராயின் அரசியல் 1920-களின் நடுவில் இந்து சபையை நோக்கிச் சாய்ந்தபோது, தம் கல்லூரியை நிறுவிய அந்தத் தலைவரையே பகத் சிங்கும் தோழர்களும் வெளிப்படையாக விமர்சித்தனர். பிற்காலத்தில் அவருடைய மரணத்துக்குப் பழிதீர்த்தவர்களும் இவர்களே என்பது குறிப்பிடத்தக்கது.

தில்லியில் கூடிய கூட்டம்

1928 செப்டம்பர் 8, 9 தேதிகளில் தில்லி பெரோஸ் ஷா கோட்லா கோட்டையின் இடிபாடுகளுக்கிடையே வட இந்தியப் புரட்சியாளர்கள் ரகசியமாகக் கூடினர். அமைப்பின் பெயரில் சோஷலிஸ்ட் என்ற சொல் சேர்க்கப்பட்டது. அதை வலியுறுத்தியவர்களில் பகத் சிங் முதன்மையானவர். அந்நியரை அகற்றுவது மட்டும் இலக்கன்று, சுரண்டலை ஒழிப்பதே இலக்கு என்பது அந்தச் சொல்லின் பொருள். அந்த ஆண்டில்தான் தலைமறைவு வாழ்வுக்காக அவர் தலைமுடியையும் தாடியையும் களைந்தார்.

அக்டோபர் 30-இல் சைமன் குழுவை எதிர்த்து லாகூரில் நடந்த ஊர்வலத்தில் லஜபதி ராய் காவல் துறையினரால் தாக்கப்பட்டார். நவம்பர் 17-இல் மறைந்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 17-இல், தடியடிக்குப் பொறுப்பான அதிகாரி ஸ்காட்டைக் குறிவைத்துக் காத்திருந்தவர்கள், ஆளை மாற்றிக் கருதியதால் இளம் அதிகாரி சாண்டர்ஸைச் சுட்டுக் கொன்றனர். துரத்தி வந்த தலைமைக் காவலர் சன்னண் சிங்கும் சுடப்பட்டு இறந்தார்.

அந்தச் சாவுகளைப் பகத் சிங்கின் வரலாற்றிலிருந்து மறைக்க வேண்டியதில்லை. தூக்குக்குச் சில வாரங்களுக்கு முன்பு இளம் அரசியல் தொண்டர்களுக்கு எழுதிய நீண்ட அறிக்கையில், தனிநபர் பயங்கரவாதத்தால் பயன் விளையாது என்றும், தொழிலாளர், உழவர் மத்தியில் பொறுமையாகப் பணியாற்றுவதே வழி என்றும் அவரே வலியுறுத்தினார்.

1929 ஏப்ரல் 8-இல் தில்லியில் மத்திய சட்டப்பேரவை கூடியிருந்தது. தொழிற்சங்கங்களை ஒடுக்கும் தொழில் தகராறு மசோதாவும், இடதுசாரிகளை நாட்டை விட்டு வெளியேற்ற உதவும் பொதுப் பாதுகாப்பு மசோதாவும் விவாதத்தில் இருந்தன. பார்வையாளர் மாடத்திலிருந்து பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் குண்டுகளை வீசினர். உயிர்ச்சேதம் நேராத வகையில் ஆளில்லாத இடத்தில் அவை விழுந்தன. சிலர் காயமடைந்தனர். துண்டறிக்கைகளை இறைத்த இருவரும் தப்பி ஓடாமல் நின்று கைதாயினர்.

அப்போது அவர்கள் முழங்கிய இன்குலாப் ஜிந்தாபாத் என்னும் முழக்கத்தை உருவாக்கியவர் உருதுக் கவிஞரும் விடுதலைப் போராட்ட வீரருமான மௌலானா ஹஸ்ரத் மோகானி. அதை நாடெங்கும் கொண்டு சென்ற பெருமை பகத் சிங்கையும் தோழர்களையும் சாரும். தொப்பியுடன் அவர் தோன்றும் புகழ்பெற்ற புகைப்படம், குண்டுவீச்சுக்குச் சில நாட்களுக்கு முன் தில்லி காஷ்மீரி கேட் பகுதிப் படப்பிடிப்பு நிலையத்தில் எடுக்கப்பட்டது.

ஜின்னாவின் வாதம்

ஜூன் 12-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சாண்டர்ஸ் வழக்கும் தொடர்ந்தது. அரசியல் கைதிகளுக்கு நல்ல உணவு, செய்தித்தாள், நூல்கள் வேண்டும், கட்டாய உழைப்பு கூடாது என்ற கோரிக்கைகளுடன் பகத் சிங்கும் தத்தும் உண்ணாவிரதம் தொடங்கினர். தோழர்களும் சேர்ந்துகொண்டனர். 63 நாட்கள் உண்ணாதிருந்த வங்க இளைஞர் ஜதீன் தாஸ் செப்டம்பர் 13-இல் லாகூர் சிறையில் உயிர் நீத்தார். பகத் சிங்கின் உண்ணாவிரதம் 100 நாட்களைக் கடந்தது.

உண்ணாவிரதத்தால் கைதிகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர இயலாததால், குற்றஞ்சாட்டப்பட்டோர் இல்லாமலேயே விசாரணை நடத்த வழிசெய்யும் மசோதாவை அரசு சிம்லாவில் பேரவையின் முன் வைத்தது. செப்டம்பர் 12-ஆம் தேதி அதை எதிர்த்து எழுந்தவர் பம்பாய் உறுப்பினர் முகமது அலி ஜின்னா.

ஆள் இல்லாத விசாரணை நீதியைக் கேலிக்கூத்தாக்கும் என அவர் வாதிட்டார். பட்டினி கிடந்து சாகத் துணிந்தவன் சாதாரணக் குற்றவாளி அல்லன் என்றார். அவர்களின் செயல்முறையைத் தாம் ஏற்கவில்லை எனத் தெளிவுபடுத்திய அதே மூச்சில், மக்கள் வெறுக்கும் ஆட்சிமுறையே இத்தகைய இளைஞர்களை உருவாக்குகிறது என ஆட்சியாளர்களிடம் எடுத்துரைத்தார். மோதிலால் நேருவும் மசோதாவை எதிர்த்தார். அன்று அவர்கள் ஒரே அவையில், ஒரே பக்கத்தில் நின்றனர்.

பேரவை இணங்காததால், 1930 மே 1-இல் வைஸ்ராய் இர்வின் அவசரச் சட்டம் பிறப்பித்து மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்புத் தீர்ப்பாயத்தை அமைத்தார். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் உரிமை மறுக்கப்பட்டது. மே 12-ஆம் தேதி முழக்கமிட்ட கைதிகளை நீதிமன்றத்திலேயே காவலர்கள் அடித்தனர். அந்த உத்தரவுக்குத் தாம் உடந்தையல்ல என்று நீதிபதி ஆகா ஹைதர் பதிவு செய்தார். ஜூன் 21-இல் தீர்ப்பாயம் மாற்றியமைக்கப்பட்டபோது அவருக்கு இடமில்லை. கைதிகள் விசாரணையைப் புறக்கணித்தனர். எந்த மசோதாவைப் பேரவை ஏற்கவில்லையோ, அதன் விளைவு அவசரச் சட்டத்தின் மூலம் கிட்டியது.

அக்டோபர் 7-இல் தீர்ப்பு வந்தது. மூவருக்குத் தூக்கு, 7 பேருக்கு ஆயுள் தண்டனை. மகனைக் காக்கத் தந்தை கிஷன் சிங் தீர்ப்பாயத்துக்கு மனு அளித்ததை அறிந்த பகத் சிங், அதைக் கண்டித்துத் தந்தைக்குக் கடிதம் எழுதினார்.

சிறையின் கடைசி மாதங்கள்

சிறையில் அவர் வைத்திருந்த 404 பக்கக் குறிப்பேடு இன்று நூலாகக் கிடைக்கிறது. மார்க்ஸ், ரூசோ, தாமஸ் பெயின், அப்டன் சிங்க்ளேர் எனப் பலரின் நூல்களிலிருந்து எடுத்த குறிப்புகள் அதில் நிறைந்துள்ளன. 22 வயது இளைஞர் ஒருவர் சாவை எதிர்நோக்கிய நிலையில் அரசு, சட்டம், சொத்து, சமயம் ஆகியவற்றின் தோற்றத்தை ஆராய்ந்த பதிவு அது.

கதர் இயக்கக் கைதியும் சீக்கியப் பெரியவருமான பாய் ரந்தீர் சிங் அவரைச் சிறையில் சந்தித்துக் கடவுள் நம்பிக்கைக்குத் திருப்ப முயன்றார். புகழ் மயக்கமே நாத்திகத்துக்குக் காரணம் என்ற குற்றச்சாட்டுக்கு விடையாகவே நான் ஏன் நாத்திகன் என்ற கட்டுரையைப் பகத் சிங் எழுதினார். அவர் மறைந்த பிறகு, 1931 செப்டம்பர் 27-இல், லாகூரின் தி பீப்பிள் இதழில் அது வெளியானது. 1930-களில் ப.ஜீவானந்தம் அதைத் தமிழாக்கம் செய்தார். அதற்காக அரசின் நடவடிக்கைக்கும் உள்ளானார்.

1931 மார்ச் 5-இல் காந்தி-இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானது. வன்முறை வழக்குகளில் தண்டனை பெற்றோர் அதில் அடங்கவில்லை. காந்தியடிகள் இதுகுறித்து இர்வினிடம் பேசினார். தூக்கு நாளன்று காலையிலும் தண்டனையை மாற்றுமாறு கடிதம் அனுப்பினார். அவர் இன்னும் அழுத்தம் தந்திருக்கலாமா என்ற விவாதம் இன்றளவும் தீரவில்லை.

மார்ச் 24 காலை நிறைவேற்றப்படவிருந்த தண்டனை, முந்தைய நாள் மாலையிலேயே நிறைவேற்றப்பட்டது. சிறையின் பின்புறச் சுவர் வழியே உடல்கள் வெளியே எடுத்துச் செல்லப்பட்டன. பெரோஸ்பூர் அருகே சட்லெஜ் ஆற்றங்கரையில், ஹுசைனிவாலாவில், இரவோடு இரவாக எரியூட்டப்பட்டன. எரிந்து தீராத எச்சங்கள் ஆற்றில் வீசப்பட்டன.

துக்கமும் கலவரமும்

மறுநாள் லாகூரில் இந்துக்களும் முஸ்லிம்களும் சீக்கியர்களும் கறுப்புக்கொடி ஏந்தி ஊர்வலம் சென்றனர். கராச்சியில் சர்தார் படேல் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. வன்முறையை ஏற்காமல், மூவரின் வீரத்தைப் போற்றும் தீர்மானம் நிறைவேறியது. அந்நாட்களில் பகத் சிங்கின் பெயர் காந்தியடிகளின் பெயருக்கு நிகராகப் பரவியிருந்ததைக் காங்கிரசின் வரலாற்றை எழுதிய பட்டாபி சீதாராமய்யாவே ஒப்புக்கொள்கிறார். தமிழகத்தில், பெரியார் மார்ச் 29-இல் குடிஅரசு தலையங்கத்தில் பகத் சிங்கின் சமதர்மக் கொள்கையை ஆதரித்து எழுதினார்.

ஆனால் அதே வாரத்தில் கான்பூரில் நடந்ததையும் மறக்கலாகாது. தூக்கைக் கண்டித்து நடந்த கடையடைப்பு இந்து-முஸ்லிம் கலவரமாக மாறியது. கலவரத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றச் சென்ற கணேஷ் சங்கர் வித்யார்த்தி மார்ச் 25-இல் கொல்லப்பட்டார். பகத் சிங்குக்கு எழுதுகோல் தந்த அந்தப் பத்திரிகையாளர், அவர் மறைந்த இரண்டாம் நாளே அவர் அஞ்சிய தீக்கு இரையானார்.

அந்தத் தீ 16 ஆண்டுகளில் பஞ்சாபையே விழுங்கியது. பிரிவினையில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் வீடிழந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பஞ்சாபிகள். லாயல்பூரின் சீக்கிய உழவர்கள் மாட்டுவண்டிகளில் கிழக்கே நடந்தனர். ஜலந்தரின் முஸ்லிம்கள் மேற்கே சென்றனர். பக்டி சம்பால் இயக்கத்தில் ஒன்றாக நின்றவர்களின் பிள்ளைகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டனர். நெடுங்காலம் கழித்து நாடு திரும்பியிருந்த அஜித் சிங், 1947 ஆகஸ்ட் 15 விடியலில் டல்ஹௌசியில் காலமானார்.

யாருக்கு உரியவர்?

எரியூட்டப்பட்ட ஹுசைனிவாலா பகுதி தொடர்பான எல்லைச் சிக்கல் 1960 ஜனவரியில் எட்டிய உடன்பாட்டால் தீர்ந்தது. அடுத்த ஆண்டு சட்லெஜின் சுலைமான்கி தலைமதகை ஒட்டிய நிலப்பகுதி பாகிஸ்தானுக்குச் சென்றது, ஹுசைனிவாலா இந்தியாவிடம் வந்தது. 1965-இல் மறைந்த படுகேஷ்வர் தத்தின் உடல், அவர் விரும்பியவாறு அங்கேயே எரியூட்டப்பட்டது. 1968-இல் நினைவிடம் எழுந்தது. 1971 போரில் பாகிஸ்தான் படை அதைக் கைப்பற்றிச் சிலைகளை அகற்றியது. 1973-இல் நினைவிடம் மீண்டும் சீரமைக்கப்பட்டது. பகத் சிங்கின் தாயார் வித்யாவதி 1975-இல் அங்கே தம் மகனருகே இடம்பெற்றார்.

லாகூர் மத்திய சிறை 1961-இல் இடிக்கப்பட்டது. தூக்குமேடை இருந்த பகுதி இன்று ஷாத்மான் சௌக் என்னும் சாலைச் சந்திப்பு. அதற்குப் பகத் சிங்கின் பெயரைச் சூட்ட 2012-இல் லாகூர் மாவட்ட நிர்வாகம் முன்வந்தது. மத அமைப்புகளும் வணிகர்கள் சிலரும் எதிர்த்தனர். விவகாரம் லாகூர் உயர் நீதிமன்றம் சென்றது. 2024 நவம்பரில், பெயர் மாற்றத் திட்டம் கைவிடப்பட்டதாக மாநகராட்சி நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவரின் அறிக்கையை அது ஆதாரமாகக் காட்டியது. பகத் சிங் புரட்சியாளர் அல்லர், அதிகாரியைக் கொன்ற குற்றவாளி என்பது அறிக்கையின் வாதம்.

இதைப் பாகிஸ்தானின் ஒரே குரலாகக் கொள்வது பிழை. பெயர் மாற்றத்துக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடுபவர்களும் லாகூர்வாசிகளே. ஒவ்வோர் ஆண்டும் மிரட்டலைப் பொருட்படுத்தாமல் அந்தச் சந்திப்பில் மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். 2018-இல் பாகிஸ்தான் பஞ்சாப் அரசு, பகத் சிங் வழக்கின் ஆவணங்களை லாகூரில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. பங்கா கிராமத்தில் அவர் பிறந்த வீடும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

இந்தியாவிலும் அவர் முழுமையாக ஏற்கப்பட்டார் எனக் கூற முடியாது. 2022-இல் சங்ரூர் மக்களவை உறுப்பினராக இருந்த சிம்ரன்ஜித் சிங் மான், இளம் ஆங்கிலேய அதிகாரியையும் சீக்கியக் காவலரையும் கொன்றவர் எனக் கூறி அவரைப் பயங்கரவாதி என வர்ணித்தார். லாகூர் அறிக்கையின் வாதமும் இந்தியாவின் சீக்கியத் தனிநாட்டு ஆதரவாளரின் வாதமும் ஒரே புள்ளியில் சந்திப்பது வியப்பன்று. சமயத்தின் பெயரால் தேசத்தை வரையறுக்க விரும்பும் எவருக்கும் பகத் சிங் இடைஞ்சலானவரே.

போற்றுவோரும் அவரைத் தமக்கேற்ப மாற்றிக்கொள்கின்றனர். 2008-இல் நாடாளுமன்ற வளாகத்தில் திறக்கப்பட்ட சிலை தலைப்பாகையுடன் அமைந்ததை ஆய்வாளர்கள் சிலர் ஆட்சேபித்தனர். 2022 மார்ச் 16-இல் பஞ்சாப் முதல்வர் பகவந்த் மான் கட்கர் கலானில் பதவியேற்றார். அரசு அலுவலகங்களில் அம்பேத்கர், பகத் சிங் படங்கள் மாட்டப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் சண்டீகர் விமான நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. தில்லி எல்லைகளில் போராடிய உழவர்கள் 2021 பிப்ரவரி 23-இல் அஜித் சிங்கின் நினைவாகத் தலைப்பாகை தினம் கடைப்பிடித்தனர். தேசியவாதிகளுக்கு அவர் நாத்திகர் என்பதும், இடதுசாரிகள் சிலருக்கு அவர் பஞ்சாபின் மண்ணிலிருந்து எழுந்தவர் என்பதும், சீக்கிய அரசியலுக்கு அவர் முடி களைந்தவர் என்பதும் வசதியாக மறந்துபோகின்றன.

அட்டாரியைப் போலவே ஹுசைனிவாலாவிலும் இரு நாட்டுப் படையினரும் மாலையில் கொடியிறக்கும் அணிவகுப்பு நடத்துவது வழக்கம். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நிகழ்ந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின், எல்லை வாயில்கள் திறக்கப்படாமலும் கைகுலுக்கல் இல்லாமலும் அது நடைபெறும் நிலை உருவானது. இரு நாடுகளின் மோதல் முற்றும்போதெல்லாம் முதலில் மூடப்படுவது பஞ்சாபின் கதவுதான். குண்டு விழுவதும், வயல் தரிசாவதும், உறவினரைக் காண விசா கிடைக்காமல் போவதும் இரு பஞ்சாபுகளின் எல்லையோர மக்களுக்கே.

பகத் சிங் போராடியபோது அந்த வாயில் இல்லை. அவரைத் தூக்கிலிட்ட அரசும் இன்றில்லை. ஆனால் மொழியைச் சமயம் பிரிப்பதையும், செய்தித்தாள் கலவரம் வளர்ப்பதையும், விசாரணையின்றித் தண்டிக்க அரசுகள் அவசரச் சட்டம் தேடுவதையும் பற்றி அவர் எழுப்பிய கேள்விகள் எல்லையின் இருபுறமும் விடை கிடைக்காமல் நிற்கின்றன. லாகூரில் ஒரு சந்திப்புக்கு அவர் பெயரைச் சூட்ட அஞ்சுவதும், இங்கே பெயரை எங்கும் சூட்டிவிட்டு எழுத்தைப் படிக்காமல் விடுவதும் அந்தக் கேள்விகளுக்கு விடையாகா.